ஊர் அழிந்த பின்னும் பூக்கும் மரம்: மத்தியதரைக் கடல் கிராமங்களின் வாதுமை வசந்தம்

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள கிராமங்களில் வசந்தத்தை முதலில் அறிவிப்பது வாதுமை மரம். ஜனவரி இறுதியில், மலைச்சரிவுகளில் குளிர் இன்னும் விலகாத நாட்களில், ஓர் இலைகூட இல்லாத கறுத்த கிளைகளில் வெள்ளையும் வெளிறிய இளஞ்சிவப்புமாகப் பூக்கள் விரிகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அவை உதிர்ந்துவிடும். அதன் பின்னரே இலை துளிர்க்கும். போர்த்துக்கலின் தெற்கில் தொடங்கி ஸ்பெயின், சிசிலி, கிரேக்கம், சைப்பிரஸ் ஊடாகப் பலஸ்தீனம் வரை இந்தக் காட்சியைக் காணலாம்.

காத்திருப்பு, விழிப்பு, முதுமை, பிறப்பு என இந்தப் பூவுக்கு அந்த மக்கள் காலங்காலமாகப் பல பொருள் சொல்லி வந்திருக்கிறார்கள். கடந்த முக்கால் நூற்றாண்டில் அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ‘இங்கே ஓர் ஊர் இருந்தது’ என்பதே அது. அந்தப் பொருள் எப்படி வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

எந்த மரம்?

கடையில் நாம் ‘பாதாம்’ என்று வாங்கும் பருப்பின் மரமே இது. தமிழ் விவிலியம் இதனை வாதுமை என்கிறது. எங்கள் கரையோரங்களிலும் பாடசாலை வளவுகளிலும் அகன்ற இலைகளோடு நிழல் பரப்பி நிற்கும் நாட்டு வாதுமை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடல் வாதுமை ரோஜாக் குடும்பத்து மரம். பீச், பிளம், செரி ஆகியவற்றின் நெருங்கிய உறவு. ஐந்து இதழ்களைக் கொண்ட அதன் பூவைப் பார்த்தாலே அந்த உறவு தெரியும்.

காட்டு வாதுமை கசப்பானது. அதன் பருப்பில் உள்ள அமிக்டலின் என்ற சேர்மம், கடித்து மெல்லும்போது சயனைட்டை வெளிவிடும். போதிய அளவு உண்டால் உயிரே போகும். இனிப்பு வாதுமைக்குக் காரணம் ஒரேயொரு மரபணுவில் நிகழ்ந்த சிறிய மாற்றமே என்பதை 2019ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஆய்வு விளக்கியது. அந்த மாற்றம் நிகழ்ந்த மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பேணியவர்கள் மேற்காசியாவின் ஆதி விவசாயிகள். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த எகிப்திய மன்னன் துட்டன்காமுனின் கல்லறையிலும் வாதுமைக் கொட்டைகள் இருந்தன.

ஏன் இவ்வளவு முந்திப் பூக்கிறது?

வாதுமைக்கும் குளிர் தேவை. மொட்டுக்கள் உறக்கம் கலைவதற்குச் சில நூறு மணித்தியாலங்கள் குளிரில் இருக்க வேண்டும். ஆனால் அப்பிள் போன்ற மரங்களோடு ஒப்பிட்டால் அதற்குப் போதுமான குளிரின் அளவு குறைவு. அதனால் சில நாட்கள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தாலே அது பூத்துவிடுகிறது. மாரிகாலத்தின் நடுவில் காற்று ஓய்ந்து வெயில் வரும் நாட்களைக் கிரேக்கர்கள் ‘அல்கியோன் நாட்கள்’ என்பார்கள். அந்த வெயிலை நம்பி ஜனவரியிலேயே பூத்துவிடும் வாதுமையை ‘பைத்தியக்கார மரம்’ என்று கேலி செய்யும் வழக்கமும் அவர்களிடம் உண்டு.

கேலிக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. விரிந்த பூ, பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகை குளிரைக்கூடத் தாங்காது. ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் விளைச்சல் போய்விடும். பாரம்பரிய இனங்கள் பெரும்பாலானவற்றில் ஒரு மரம் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. பக்கத்தில் வேறு இன மரம் ஒன்று வேண்டும், தேனீயும் வேண்டும். வெப்பம் 12, 13 பாகைக்குக் கீழிறங்கினால் தேனீ பெரும்பாலும் கூட்டை விட்டு வெளியே வராது. ஆகவே சுற்றுலாப் பயணி அழகைப் பார்க்கும் அந்த மூன்று வாரமும் விவசாயி வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பூ தப்பினால் ஓகஸ்ட், செப்ரெம்பரில் நீண்ட தடிகளால் கிளைகளைத் தட்டிக் கொட்டைகளை வீழ்த்துவார்கள்.

பலஸ்தீனத்திலும் லெபனானிலும் அறுவடைக்கு அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. பூ உதிர்ந்து சில வாரங்களில் வரும் பச்சைப் பிஞ்சை, ஓடு கெட்டியாகும் முன்னரே உப்புத் தொட்டுக் கடித்துத் தின்பார்கள். எங்களுக்கு மாங்காய்ப் பிஞ்சு எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. சந்தையில் பச்சை வாதுமை வந்துவிட்டால் மாரி முடிந்தது என்று பொருள்.

காத்திருந்தவளின் மரம்

பண்டைய கிரேக்கத்தில் இந்த மரத்துக்கு ஒரு கதை இருந்தது. திராய் போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் தெமோபோன் என்ற வீரன் திரேசு நாட்டு இளவரசி பில்லிஸை மணக்கிறான். தன் நாட்டுக்குப் போய்விட்டுக் குறித்த நாளில் வருவதாகச் சொல்லிப் புறப்படுகிறான். நாள் கடக்கிறது, அவன் வரவில்லை. கரைக்கும் வீட்டுக்குமாக நடந்து நடந்து சோர்ந்தவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவள் இலையற்ற வாதுமை மரமாகிறாள். காலம் தாழ்த்தி வந்த தெமோபோன் அந்த மரத்தைக் கட்டியணைத்தபோது அது துளிர்த்தது என்று ஒரு வடிவமும், பூத்தது என்று இன்னொரு வடிவமும் உண்டு.

போருக்குப் போனவன் திரும்பி வருவானா என்று கரையைப் பார்த்திருக்கும் பெண், கிரேக்கத்துக்கு மட்டும் உரியவள் அல்ல. பூ முந்தி, இலை பிந்தி என்ற தாவர இயல்புக்கு விளக்கம் தேடியவர்கள், தங்கள் வீடுகளில் கண்ட துயரத்திலிருந்தே அந்த விளக்கத்தை எடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

போர்த்துக்கலின் தெற்கிலுள்ள அல்கார்வே பகுதியில் வேறொரு கதை. அரபு மன்னன் ஒருவன் வடநாட்டு இளவரசியை மணந்தான். பனி காணாத தேசத்தில் அவள் ஊர் நினைவால் நோயுற்றாள். மன்னன் கோட்டையைச் சுற்றி வாதுமை மரங்களை நட்டான். பூத்த நாளில் அவள் சாளரத்தைத் திறந்து பார்த்தாள். நிலமெங்கும் தன் ஊர்ப் பனி. அவள் பிழைத்துக்கொண்டாள். பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்த ஏக்கத்துக்கும் இந்தப் பூவே மருந்தானது.

விழிப்பும் முதுமையும்

எபிரேய மொழியில் வாதுமைக்கு ‘ஷாகேட்’ என்று பெயர். விழித்திருத்தல், கண்காணித்தல் என்ற பொருள்தரும் வினையும் அதே வேரிலிருந்து வருவது. விவிலியத்தில் எரேமியா நூலின் முதல் அதிகாரம் இந்தச் சொல் ஒற்றுமையைக் கொண்டே அமைகிறது. தீர்க்கதரிசி வாதுமைக் கிளையைக் காண்கிறார். தன் வார்த்தை நிறைவேறும்படி தான் விழித்திருப்பதாகக் கடவுள் சொல்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் விளையாட்டு மறைந்துவிடுவதால், வாதுமைக் கிளைக்கும் விழிப்புக்கும் என்ன தொடர்பு என்று நம் வாசகர்கள் பலருக்கும் விளங்காமல் போகிறது. மாரி உறங்கும்போது முதலில் விழிக்கும் மரம் என்பதே தொடர்பு. ஆரோனின் கோல் ஒரே இரவில் பூத்துக் காய்த்ததும் வாதுமையாகவே. பிரசங்கி நூலின் கடைசி அதிகாரத்திலோ, மரம் நிறைந்த வெள்ளைப் பூ நரைத்த தலைக்கு உவமையாகிறது.

ஓவியர் வின்சென்ற் வான் கோ 1888 பெப்ரவரியில் தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகருக்கு வந்தபோது அங்கே பனி கொட்டியிருந்தது. அந்தக் குளிரிலும் பூத்த வாதுமைச் சிறுகிளை ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் வைத்து வரைந்தார். இரண்டு ஆண்டுகளின் பின், சென் ரெமியில் மனநல மருத்துவமனையில் இருந்த காலத்தில், தம்பி தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. 1890 ஜனவரி 31இல் பிறந்த அந்தக் குழந்தைக்குப் பரிசாக, நீல வானத்தின் கீழ் வாதுமைக் கிளைகள் பூத்திருக்கும் பெரிய ஓவியத்தைத் தீட்டினார். அதே ஆண்டு ஜூலையில் அவர் இறந்துபோனார். இத்தாலியிலும் கிரேக்கத்திலும் இன்றும் திருமண விருந்தினருக்குச் சீனி பூசிய வாதுமைகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொடுக்கிறார்கள். இரண்டாகப் பங்கிட முடியாத எண் போல மணமக்களும் பிரியாதிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

ஊரின் சாட்சி

1948இல் இஸ்ரேல் உருவான போரின்போது 7 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் வெளியேற்றப்பட்டனர், அல்லது உயிருக்கு அஞ்சி ஓடினர். அவர்களது நூற்றுக்கணக்கான கிராமங்கள் ஆளற்றுப் போயின. பெரும்பாலானவை பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. பலஸ்தீன வரலாற்றாசிரியர் வலீத் காலிதி தலைமையில் ஒரு குழு அவற்றை ஊர் ஊராக ஆவணப்படுத்தி 1992இல் நூலாக வெளியிட்டது. 418 கிராமங்கள் அதில் இடம்பெற்றன. ஒவ்வோர் ஊருக்கும் சனத்தொகை, காணியின் பரப்பு, வீழ்ந்த நாள் ஆகியவற்றைத் தந்த பின், ‘இன்று அங்கே என்ன இருக்கிறது’ என்ற பகுதி வரும். அதைத் தொடர்ந்து வாசிப்பவர் ஒன்றைக் கவனிப்பார். வீடு இல்லை, பள்ளிவாசல் இல்லை, பாடசாலை இல்லை. ஆனால் சப்பாத்திக் கள்ளி வேலி, அத்தி மரம், வாதுமை மரம் என்ற குறிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஜெருசலேத்தின் மேற்கே இருந்த தெயிர் யாசினில் 1948 ஏப்ரல் 9ஆம் திகதி நூறுக்கும் மேற்பட்ட ஊரவர்கள் கொல்லப்பட்டனர். எஞ்சிய வீடுகள் இன்று மனநல மருத்துவமனை ஒன்றின் வளாகத்துக்குள் இருக்கின்றன. வேலிக்கு வெளியே வாதுமை மரங்கள் நின்றதை அந்த நூல் பதிவு செய்திருக்கிறது.

அதே நகரின் வடமேற்கு நுழைவாயிலில் உள்ள லிஃப்தா சற்று வேறுபட்டது. ஏறத்தாழ 2,500 பேர் வாழ்ந்த இந்த ஊர் 1948இன் தொடக்கத்திலேயே ஆளற்றுப் போனது. ஆனால் முழுமையாக இடிக்கப்படவில்லை. ஊற்றும் அதன் தடாகமும், கூரை துளைக்கப்பட்ட கல்வீடுகள் பலவும் இன்னும் பள்ளத்தாக்கில் நிற்கின்றன. அந்த வீடுகளுக்கிடையே ஆண்டுதோறும் வாதுமை பூக்கிறது. அங்கே சொகுசுக் குடியிருப்பு கட்டும் திட்டத்தை எதிர்த்து, ஊரின் பழைய குடும்பங்களும் அவர்களுடன் நின்ற இஸ்ரேலியர்களும் வழக்காடினர். 2012இல் நீதிமன்றம் காணி விற்பனைக்கான கேள்விப்பத்திர அழைப்பை இரத்துச் செய்தது. உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்திலுள்ள மரபிடங்கள் குறித்த தனது 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் லிஃப்தாவைச் சேர்த்தது.

இடிக்கப்பட்ட பல ஊர்களின் மேல் யூத தேசிய நிதியம் ஊசியிலை மரங்களை நட்டுக் காடாக்கியது. பைன் காடு காடாகவே தெரியும். ஆனால் அதன் நடுவில் வாதுமை பூத்து நின்றால், அது யாரோ நட்ட மரம். யாரோ ஒருவரின் வளவு. பக்கத்தில் ஒரு கிணறு, அத்திவாரம், படிக்கட்டு இருக்கலாம். ஆண்டில் பதினொரு மாதம் பச்சைக்குள் மறைந்திருக்கும் ஊர், அந்த மூன்று வாரத்தில் தன் எல்லையை வெள்ளையில் வரைந்து காட்டுகிறது.

அல் பிர்வா என்ற கிராமத்தில் 1941இல் பிறந்து, 1948இல் அந்த ஊரையே இழந்த கவிஞர் மஹ்மூத் தர்வீஷ், 2005இல் வெளியிட்ட தொகுதியின் தலைப்பில் வாதுமைப்பூவை வைத்தார். ஊர் இழந்த மக்களின் சொற்களஞ்சியத்தில் அந்தப் பூவுக்கு இருக்கும் இடத்தை அது காட்டுகிறது.

ஒரே பூ, இரண்டு வாசிப்பு

எனினும் மரம் யாருக்காகவும் சாட்சி சொல்வதில்லை. யூதர்களின் மரத் திருநாளான ‘து பிஷ்வாத்’ வாதுமை பூக்கும் காலத்திலேயே வருகிறது. இஸ்ரேலியச் சிறுவர்கள் அன்று மரக்கன்று நடுகிறார்கள்; வாதுமை பூத்ததைப் பாடுகிறார்கள். அவர்களுக்கு அது மண்ணுக்குத் திரும்பியதன் அடையாளம்.

ஜெருசலேத்துக்கு மேற்கேயுள்ள சதாஃப் இதற்கு நல்ல உதாரணம். 1940களில் ஏறத்தாழ 540 பேர் வாழ்ந்த இந்தப் பலஸ்தீனக் கிராமம் 1948 ஜூலையில் வீழ்ந்தது. பின்னர் யூத தேசிய நிதியம் அதன் படிக்கட்டு வயல்களையும் ஊற்றுநீர்ப் பாசனத்தையும் புனரமைத்து, ‘பண்டைய மலை விவசாயம்’ பார்க்கும் இடமாக்கியது. பெப்ரவரியில் வாதுமைப்பூ பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்களில் சிலர் இடிந்த சுவர்களைக் கண்டு, அவை விவிலிய காலத்தவை என்று நினைத்துச் செல்லவும் கூடும். அந்தச் சுவர்களுக்குள் பிறந்தவர்களின் பிள்ளைகள் அகதி முகாம்களில் வாழ்கிறார்கள். பூ ஒன்றுதான். அதன் பக்கத்தில் நட்ட பெயர்ப்பலகையே எந்தக் கதை சொல்லப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

29 ஆண்டுகளின் பின் ஓர் ஏப்ரல்

சைப்பிரஸ் தீவு 1974இல் இரண்டாகப் பிளந்தது. கிரேக்கச் சைப்பிரியர் சுமார் 1 இலட்சத்து 60 ஆயிரம் பேர் வடக்கிலிருந்து தெற்குக்கும், துருக்கிச் சைப்பிரியர் சுமார் 45 ஆயிரம் பேர் தெற்கிலிருந்து வடக்குக்கும் இடம்பெயர்ந்தனர். 2003 ஏப்ரல் 23ஆம் திகதி எதிர்பாராத விதமாகத் தடைக்கோடு திறக்கப்பட்டது. 29 ஆண்டுகளின் பின் மக்கள் தங்கள் வீட்டைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

அது வசந்தகாலம். வாதுமை ஓய்ந்து, எலுமிச்சையும் தோடையும் பூத்து மணக்கும் பருவம். எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற லாப்பித்தோஸ், தோடைக்குப் பெயர்பெற்ற மோர்ஃபு ஆகிய ஊர்கள் வடக்கில் இருந்தன. வீட்டுக்குள் வேறொரு குடும்பம் வாழ்ந்தது. பல இடங்களில் அவர்களும் தெற்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களே. வாசலில் கோப்பி கொடுத்து உபசரித்தவர்கள் உண்டு. கதவைத் திறக்காதவர்களும் உண்டு. திரும்பும்போது பலர் முற்றத்து மரத்தின் பழங்களையும் பூக்களையும், ஒரு பிடி மண்ணையும், கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துச் சென்றனர். வீட்டைக் கொண்டுபோக முடியாதவர்களுக்கு மரம் எதையாவது கொடுத்தனுப்பியது.

கைவிடப்பட்ட மரத்தின் கசப்பு

வாதுமை பற்றி விவசாயிகள் அறிந்த ஓர் உண்மை இங்கே முக்கியமானது. மரபு வழியில் இனிப்பு வாதுமையைக் கசப்பு வாதுமையின் அடிமரத்தில் ஒட்டுவார்கள். கசப்பு வேர் வரட்சியை நன்றாகத் தாங்கும். கவனிப்பார் இல்லாமல் ஒட்டுக்கிளை பட்டுப்போனால், அடியிலிருந்து வெடிக்கும் தளிர் கசப்பு மரமாகவே வளரும். இனிப்பு மரத்தின் விதை தானாக விழுந்து முளைத்தாலும் அது கசப்பாக இருக்கலாம். பூவைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். ஆளற்ற ஊரில் பூத்து நிற்கும் வாதுமை, பழைய எசமானின் கைபட்ட மரமா, அவர் போன பின் தானே எழுந்த மரமா என்பது பருப்பைக் கடித்தால்தான் தெரியும்.

மரங்களும் நிரந்தரமானவை அல்ல. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்த பின் வாதுமை பரவியது. இன்று சைலெல்லா என்ற பக்ரீரியா நோய் அங்குள்ள வாதுமைத் தோட்டங்களைப் பட்டுப்போகச் செய்கிறது. வெப்பமான மாரிகளால் பூ இன்னும் முந்துகிறது. பின்னால் வரும் உறைபனியில் கருகுகிறது. நகரங்களுக்குப் பெயர்ந்த இளைஞர்களால் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மலைக்கிராமங்கள் வெறுமையாகின்றன. போர் இல்லாமலும் ஓர் ஊர் ஆளற்றுப் போகலாம் என்பதையும் அங்கே அதே பூ சொல்கிறது.

மரத்தால் சொல்ல முடியாதது

இங்கே ஓர் ஊர் இருந்தது என்று மட்டுமே வாதுமை சொல்லும். யாருடைய ஊர், எந்தக் குடும்பத்தின் வளவு, எப்போது, எதனால் போனார்கள் என்பதை அதனால் சொல்ல முடியாது. அதைக் காலிதி குழுவினர் செய்தது போல மனிதர்களே எழுதி வைக்க வேண்டும். அவர்கள் வரிப் பதிவுகளையும் வரைபடங்களையும் நேரில் கண்டவற்றையும் ஒன்று சேர்த்தார்கள். மரம் இடத்தைக் காட்டியது. ஏடு பெயரைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அது சாட்சியமானது.

வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து காணிகள் விடுவிக்கப்பட்டபோது, வீடும் மதிலும் இருந்த தடமே இல்லாத நிலத்தில் எங்கள் மக்கள் தங்கள் எல்லையைத் தேடி அலைந்ததை வாசகர்கள் அறிவார்கள். கிணற்றையும் பழைய மரங்களையும் கொண்டு காணியை அடையாளம் காட்டியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். எந்த மூலையில் எந்த மரம் நின்றது, அதை யார் நட்டார், அடுத்த காணி யாருடையது என்பது இன்னும் அவர்களின் நினைவில் இருக்கிறது. பல வீடுகளில் வேறெங்கும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே ஒரு கொப்பியில் அதை எழுதி, காணி உறுதியின் பிரதியோடு சேர்த்து வைப்பதற்கு எந்தப் பெரிய நிறுவனமும் தேவையில்லை. மரம் பட்டுப்போனாலும் அந்தப் பக்கம் இருக்கும்.